ஒன்பதாம் வகுப்பு அறிவியலும் தமிழ்ச் சொற்களும்

இயற்பியலையும் வேதியியலையும் வரையறைகளோடும் வாய்பாடுகளோடும் கணக்குகளோடும் நம் மாணவர் எதிர்கொள்ளும் முதல் வாயில் ஒன்பதாம் வகுப்பே எனலாம். கீழ் வகுப்புகளில் அறிவியல் பெரும்பாலும் கதை போலச் சொல்லப்படுகிறது. ஒன்பதாம் வகுப்பில் அது அளந்து காட்டச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு வெளிவந்த ஒன்பதாம் வகுப்புப் பாடநூல், ‘அளவீடு’ என்னும் பாடத்தை முதலில் வைத்திருப்பது பொருத்தமே. தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர் வட்டாரங்களின் அரசுப் பள்ளிகளில் தமிழ்வழி பயின்று கல்லூரிக்கு வரும் மாணவர் பலருக்கு, அறிவியல் முதலில் தமிழ்ச் சொல்லாகவே அறிமுகமாகிறது. அச்சொல் விளங்கினால் பொருள் விளங்கும். விளங்காவிடில் மனப்பாடமே எஞ்சும்.

‘மீச்சிற்றளவு’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். வெர்னியர் அளவியைக் கொண்டு அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவுக்கு இப்பெயர். முதன்மைக் கோலின் ஒன்பது மில்லிமீட்டர் நீளம் வெர்னியர் கோலில் பத்துச் சமபாகங்களாகப் பகுக்கப்பட்டிருந்தால், ஒரு பாகத்தின் நீளம் 0.9 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 0.1 மில்லிமீட்டர். அதுவே மீச்சிற்றளவு. ‘மீ’ என்பது மிகுதியை உணர்த்தும் முன்னொட்டு; மீ, சிறுமை, அளவு எனப் பிரித்துக் காட்டினால் வரையறை தானே வெளிப்படும். பகுபத இலக்கணம் கற்பிக்கும் நாம் இதைச் செய்ய ஒரு நிமிடம் போதும். பிரித்துக் காட்டுவார் இல்லாத வகுப்பில் இச்சொல் பல்லை உடைக்கும் பெயராகவே நின்றுவிடுகிறது.

இதனினும் பெரிய இடர்ப்பாடு ‘நிறை’, ‘எடை’ என்னும் இணையில் உள்ளது. நம் பாடநூல்களில் ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு நிறை; அதன் அலகு கிலோகிராம். அப்பொருளின் மீது புவி செலுத்தும் ஈர்ப்பு விசை எடை. அதன் அலகு நியூட்டன். அறுபது கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் எடை புவியில் ஏறத்தாழ 588 நியூட்டன். நிலவின் ஈர்ப்பு புவியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்கே ஆதலால், அவரே நிலவில் நின்றால் எடை ஏறத்தாழ 98 நியூட்டனாகக் குறையும். நிறையோ மாறாது.

முதலாம் ஆண்டு இயற்பியல் மாணவரிடம் இவ்வரையறைகளைக் கேட்டால் பிழையின்றி ஒப்பிப்பார். தாம்பரம் சந்தையில் காய்கறிக் கடைக்காரரின் தட்டுத் தராசு அளப்பது நிறையையா எடையையா என்று கேட்டால் தயங்குவார். தட்டுத் தராசு ஒரு பொருளைப் படிக்கல்லோடு ஒப்பிடுகிறது. ஈர்ப்பு இரு தட்டுகளையும் ஒருபடித்தாகவே இழுப்பதால், நிலவுக்கு எடுத்துச் சென்றாலும் அது அதே அளவைக் காட்டும். எனவே அது காண்பது நிறை. சுருள்வில் தராசு வில்லின் நீட்சியைக் கொண்டு விசையை அளப்பது. எனவே அது காண்பது எடை. இப்போது கடைதோறும் உள்ள மின்னணுத் தராசும் உள்ளே விசையை உணர்ந்து, வெளியே கிலோகிராம் கணக்கில் காட்டுவதே. மக்களோ எல்லாவற்றையும் ‘எடை’ என்றே வழங்குகின்றனர். அவர்களைக் குறை கூற இயலாது; ‘நிறு’ என்னும் வினையடியாகப் பிறந்த ‘நிறை’ பழந்தமிழில் எடையையே குறித்தது. தொல்காப்பியர் அளவுப் பெயரையும் நிறைப் பெயரையும் வேறு வேறாக எண்ணி, அவை ஒன்பது எழுத்துகளை முதலாகக் கொண்டு வரும் என்கிறார். இன்றும் ‘நிறுத்துப் போடு’ என்றுதான் கடையில் கேட்கிறோம்.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இப்பழைய பொருளைக் கைவிடவில்லை. அங்கே எடைக்கு ‘நிறை’ என்றே பெயர். நாம் நிறை என்பதை அவர்கள் ‘திணிவு’ என்பர். யாழ்ப்பாணத்து மாணவரும் தாம்பரத்து மாணவரும் ஒரே தமிழில் ஒரே சொல்லைச் சொல்லி, இருவேறு பொருள் கொள்வர்! நம் முடுக்கம் அங்கே ஆர்முடுகல், நிலைமம் சடத்துவம், தனிமம் மூலகம், எலக்ட்ரான் இலத்திரன். தமிழில் அறிவியலை எழுதும் முயற்சி ஈழத்தில் முன்னரே வேரூன்றிவிட்டது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவர்தம் முயற்சியில் 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் வேதியியல் நூல் வெளிவந்தது. நம் பக்கத்தில் 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் கலைச்சொல்லாக்கத்திற்கென ஒரு சங்கம் கண்டனர். 1934இல் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. பின்னர் யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக விளங்கிய மணவை முஸ்தபா அறிவியல் கலைச்சொல் அகராதிகளைத் தந்தார். இரு கரைகளிலும் உழைப்புக்குக் குறைவில்லை. இரு கரையாரும் கூடி ஒரு முடிவுக்கு வருவதில்தான் குறை.

எனினும் நம் சொற்களுள் அழகாக அமைந்தவை பல. ‘திசைவேகம்’ அவற்றுள் ஒன்று. சொல்லே வரையறையாக நிற்பதால் ஆசிரியர் மேலும் விளக்க வேண்டிய தேவை குறைவு. தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரை நிலையம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர். 1931 முதல் மின்சார ரயில் ஓடும் தடம் அது. ஒருவர் காலையில் ஒரு மணி நேரத்தில் கடற்கரை சென்று, மாலையில் ஒரு மணி நேரத்தில் தாம்பரம் மீண்டால், பயணத்தின் சராசரி வேகம் மணிக்கு 29 கிலோமீட்டர். புறப்பட்ட இடத்திற்கே மீண்டதால் இடப்பெயர்ச்சி சுழி. ஆகவே சராசரி திசைவேகமும் சுழி. நெரிசலில் நின்றுகொண்டே போய் வந்தவர் இதனை ஏற்கமாட்டார். இயற்பியல் அவருடைய களைப்பைக் கணக்கில் கொள்வதில்லை.

வேதியியலில் ‘காரம்’ என்னும் சொல் மாணவரை மயக்குகிறது. பேச்சுத் தமிழில் காரம் மிளகாயின் உறைப்பு. பாடநூலில் அது அமிலத்தோடு வினைபுரிந்து உப்பும் நீரும் தரும் பொருள். சிவப்பு லிட்மசை நீலமாக்குவது. மிளகாய்க்கும் இக்காரத்திற்கும் தொடர்பில்லை என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லுக்குச் சான்று வேண்டின் ‘சவர்க்காரம்’ இருக்கிறது. சோப்புக்கு நம் முன்னோர் இட்ட இப்பெயரில் உள்ள காரம் வேதியியல் காரமே. மஞ்சள் கறை படிந்த துணியில் சோப்பைத் தேய்த்தால் கறை சிவப்பதும், மஞ்சள்நீரில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி சிவப்பதும் அதன் வேலை. நீரில் கரையும் காரத்தை ‘எரிகாரம்’ என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் ‘ஆல்கலி’, செடிச் சாம்பலைக் குறித்த ‘அல்கலி’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. பிறமொழிச் சொல்லை ஏற்றதனால் ஆங்கில வேதியியல் தாழ்ந்துவிடவில்லை. ஆதலின் ஆக்சிஜன், ஹைட்ரஜன் என்னும் தனிமப் பெயர்களை அவ்வாறே ஏற்பதில் நமக்கு வருத்தமில்லை. கருத்தைக் குறிக்கும் சொற்களே தமிழாக இருத்தல் வேண்டும்.

பதினொன்றாம் வகுப்பிலோ கல்லூரியிலோ பயிற்றுமொழி ஆங்கிலமாக மாறும்போது, ஒன்பதாம் வகுப்பில் கருத்தைப் பற்றிக்கொண்டவர் சொல்லை மட்டும் மாற்றிக்கொள்கிறார். ஒலியை மட்டும் பற்றியவர் இரண்டாம் முறையும் மனப்பாடத்தையே தொடங்குகிறார். நன்கு படிக்கக்கூடிய பிள்ளைகள் ‘இயற்பியல் வராது’ என்று கூறி வேறு பாடத்திற்கு ஒதுங்குவதை ஆண்டுதோறும் சேர்க்கைக் காலத்தில் காண்கிறோம்.

கருவி இல்லை என்பதும் எப்போதும் சரியான காரணமாகாது. ‘ஒப்படர்த்தி’ பாடத்திற்குப் பல்லாவரத்துக் குன்றின் கல் ஒன்று போதும். புவியியலார் சார்னோகைட் என்னும் பாறை அது. கல்லை நூலில் கட்டிச் சுருள்வில் தராசில் தொங்கவிட, அது 270 கிராம் காட்டுவதாகக் கொள்வோம். வாளி நீரில் அதை மூழ்கச் செய்ய 170 காட்டினால், இழப்பு 100. அதுவே கல் விலக்கிய நீரின் அளவு. 270ஐ 100ஆல் வகுக்க ஒப்படர்த்தி 2.7. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்பீரூனி, மணிகளும் உலோகங்களும் விலக்கும் நீரை நிறுத்தே அவற்றின் ஒப்படர்த்தியைக் கணித்தார். நம் மாணவருக்குத் தேவைப்படுவன ஒரு தராசு, ஒரு வாளி, ஒரு கல். அவற்றோடு ‘ஒப்பு’, ‘அடர்த்தி’ என்னும் இரு சொற்களைப் பிரித்துக் காட்டும் ஓர் ஆசிரியர்.