தென் ஆற்காட்டு நிலக்கடலை வணிகம்

தென் ஆற்காட்டு நிலக்கடலை வணிகம் என்பது, கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த அன்றைய தென் ஆற்காடு மாவட்டத்திலிருந்து பிரான்சுக்கு நடைபெற்ற ஏற்றுமதி வணிகத்தைக் குறிக்கும். ஒரே விளைபொருளை நம்பிய வட்டாரம், அதன் விலை சரிந்தபின் என்னவாகிறது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு ஆகும். இப்பகுதியில் நிலக்கடலை, மல்லாட்டை எனப்படுகிறது. இது மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ ஆகும்.

வளர்ச்சி

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் மார்சேய் நகர ஆலைகள் சவர்க்காரம் செய்யக் கடலை எண்ணெயைப் பெருமளவு பயன்படுத்தின. பண்ருட்டி, விருத்தாசலம் பகுதிகளின் மானாவாரி நிலங்கள் கடலைக்கு ஏற்றவை. 1879இல் புதுச்சேரிக்குத் தொடர்வண்டிப் பாதை அமைந்ததும் ஏற்றுமதி எளிதாயிற்று. உழவர்கள் அறுவடைக்கு முன்பே வணிகரிடம் முன்பணம் பெற்றுப் பயிரிட்டனர்.

வீழ்ச்சி

1914இல் தொடங்கிய முதலாம் உலகப் போர் கப்பல் போக்குவரத்தைத் தடுத்தது. 1929க்குப் பிந்தைய உலகப் பொருளாதாரப் பெருமந்தம் இதனினும் கடுமையானது. கடலை விலை சரிந்தது. ஆனால் நிலவரியும் வாங்கிய கடனும் பணக்கணக்கில் குறையவில்லை. எனவே கடனை அடைக்க முன்னைவிட மிகுதியான கடலையை விற்க நேர்ந்தது. கொள்ளிடப் பாசனம் பெற்ற சிதம்பரம் பகுதியில் நெல் விலையும் வீழ்ந்தது. எனினும் நெல் வீட்டுக்கு உணவாயிற்று.

மீட்சி

இராசாசி தலைமையிலான சென்னை மாகாண அரசு 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இயற்றியது. 1933ஆம் ஆண்டின் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு வழிசெய்தது. விடுதலைக்குப்பின் உள்நாட்டுச் சமையல் எண்ணெய், வனசுபதி ஆலைகள் கடலையை வாங்கின. திண்டிவனம், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையங்கள் புதிய வகைகளை வெளியிட்டன. பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரியும் பலாவும் வருவாய்ப் பயிர்களாயின.

ஆப்பிரிக்காவுடன் ஒப்பீடு

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலும் அதே பிரெஞ்சுச் சந்தைக்கே கடலை விற்றது. 1960இல் விடுதலை பெற்ற பின்னரும் அந்நாட்டின் ஏற்றுமதி வருவாய் பெரிதும் கடலையையே சார்ந்திருந்தது. 1960களின் இறுதியில் உலகச் சந்தையைவிடக் கூடுதல் விலை தருவதைப் பிரான்சு நிறுத்தியது. தொடர்ந்து சாகேல் வறட்சியும் தாக்கியது. உழவர் பலர் கடலையைக் குறைத்துக் கம்பு விதைத்தனர். அரசின் வருவாயும் சுருங்கியது. தென் ஆற்காட்டுக்கோ, கடலையை வாங்கப் பெரிய உள்நாட்டுச் சந்தை இருந்தது. செனகலுக்கு அத்தகைய சந்தை இல்லை. இதுவே இரண்டுக்கும் உள்ள முதன்மை வேறுபாடு எனலாம்.