ஏலகிரிக்குப் பதினெட்டு வண்டிகள்

மேனாட்டு நாவல்களைப் படித்தவர்கள், இலையுதிர் காலம் என்றதும் பொன்னிறமாக மாறிய மரங்களை மனக்கண்ணில் காண்பார்கள். நம் ஊர் மரங்களுக்கு அந்த வழக்கம் இல்லை. ஐப்பசியையும் கார்த்திகையையும் சேர்த்துக் கூதிர் காலம் என்றார்கள் நம் பழைய இலக்கண ஆசிரியர்கள். வெயிலின் கொடுமை தணிந்து, மழை முழுப் பலத்தோடு இறங்குவதற்கு முன்னால் வரும் ஐப்பசியின் முதல் நாட்களில், சென்னையிலுள்ள ஒரு மோட்டார் சைக்கிள் சங்கத்தார் ஏலகிரிக்குக் கூட்டமாகப் புறப்பட்டார்கள். அவர்களோடு நாமும் போய்வந்தோம் என்றால் நேயர்கள் நம்புவது கஷ்டந்தான். வயது நாற்பத்தாறு, வாத்தியார் உத்தியோகம், சைக்கிளைத் தவிர வேறு வாகனம் ஓட்டி அறியோம்.

சங்கத்தின் தலைவர் நம் பழைய மாணவர். "ஸார், ஒரு தடவை என் பின்னால் உட்கார்ந்து பாருங்கள்" என்று அழைத்தார். வீட்டில் பலத்த ஆட்சேபம் எழுந்தது. "இத்தனை வாலிபர்கள் ஒன்றுசேர்ந்தால் பந்தயந்தானே விடுவார்கள்?" என்றாள் நம் மனைவி. உண்மையைச் சொன்னால் நமக்கும் அதே பயந்தான்.

விடியற்காலை நாலரை மணிக்குப் பதினெட்டு வண்டிகள் வரிசையில் நின்றன. அவற்றில் பாதிக்கு மேல் புல்லட். 1932-ல் இங்கிலாந்தில் தோன்றிய பெயர் அது. 1956-ல் நம் திருவொற்றியூரில் அதற்கு ஒரு தொழிற்சாலை திறக்கப்பட்டது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். பிறகு எல்லாவற்றையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். பிறந்த வீடான ரெடிட்ச் நகரத்தில் தொழிற்சாலை மூடப்பட்ட பின்னும், புகுந்த வீட்டில் அந்த வண்டி வாழையடி வாழையாகப் பெருகிவருகிறது.

புறப்படுமுன் தலைவர் விதிகளைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில்கூட நாம் அவ்வளவு அமைதியைக் கண்டதில்லை. தலைவரை யாரும் முந்தக் கூடாது. நேரான சாலையில், முதல் வண்டி தன் பாதையின் வலப்பக்கமாகவும் அடுத்தது இடப்பக்கமாகவும் மாறி மாறிச் செல்ல வேண்டும். நேர் முன்னால் செல்லும் வண்டிக்கும் தனக்கும் இரண்டு விநாடி இடைவெளி இருக்க வேண்டும். வளைவுகளில் ஒற்றை வரிசைதான். சாலையில் பள்ளம் இருந்தால் அந்தப் பக்கத்துக் காலை நீட்டிக் காட்ட வேண்டும். ஒவ்வொருவரும் அதைப் பின்னால் வருபவருக்குக் காட்ட வேண்டும். கடைசி வண்டியில் அனுபவம் மிக்க ஒருவர் வருவார். யாருடைய வண்டி நின்றாலும் அவரும் நிற்பார். அவருக்குப் பின்னால் யாரும் இல்லை என்பதே அவருடைய உத்தியோகம்!

ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபேட்டை, வேலூர் என்று ஊர்கள் கழிந்தன. பந்தயம் என்ற பேச்சே இல்லை. லாரிக்காரர்கள் சர்வ சாதாரணமாக நம்மைக் கடந்து சென்றார்கள். பாலாற்று மணலில் இளவெயில் விழுந்து கிடந்தது. ஆம்பூரில் சிற்றுண்டி முடிந்து, வாணியம்பாடியைத் தாண்டிப் பொன்னேரிக் கிராமத்தை அடைந்தபோது மலை முழுவதும் மேகத்தில் மறைந்திருந்தது. தூறல் ஆரம்பித்தது.

தலைவர் கையை உயர்த்தினார். எல்லா வண்டிகளும் நின்றன.

"மழை தொடங்கிய முதல் சில நிமிஷங்கள்தான் ஆபத்து. சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் தண்ணீரோடு கலந்து வழுக்கும். அரை மணி காத்திருப்போம்" என்றார். பிறகு, "மலைச் சாலையில் இதுவரை ஓட்டாதவர் யார்?" என்று கேட்டார்.

யாரும் பேசவில்லை. சற்றுக் கழித்து, கடைசியில் நின்ற ஓர் இளைஞன் தலையைக் குனிந்தவாறே கையைத் தூக்கினான். அவனுடையது சிறிய வண்டி.

"தம்பி, நீ எனக்கு அடுத்தபடியாக வா" என்றார் தலைவர்.

நமக்கு ஆச்சரியமாக இருந்தது. "தெரியாதவனை மெதுவாகப் பின்னால் வரவிடுவதுதானே?" என்றோம்.

"இல்லை ஸார். முன்வண்டி வளைவில் வேகத்தைக் குறைத்து, பிறகு கூட்டும்போது, பின்னால் ஒவ்வொருவருக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போகும். அதை எட்டிப்பிடிக்கக் கடைசி ஆள்தான் எல்லோரையும்விட வேகமாக ஓட்ட வேண்டும். தெரியாதவனைப் பின்னால் விட்டால், எங்களைப் பிடிக்கும் அவசரத்திலேயே விழுந்துவிடுவான்."

அவர் சகஜமாகத்தான் சொன்னார். ஆனால் நமக்குச் சுருக்கென்றது. இதே தலைவரை, கணக்கு வராத பையன் என்று இரண்டு வருஷம் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தவர் நாமேயல்லவா?

தூறல் விட்டதும் ஏறினோம். ஏலகிரிப் பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். தமிழ் வாத்தியாருக்கு இதைவிட ஆனந்தம் ஏது? ஆனாலும் நம் கண் முழுவதும் வண்டியின் கண்ணாடியில் தெரிந்த அந்த இளைஞன்மீதே இருந்தது. ஒரு வளைவில் அவன் வண்டியின் பின்சக்கரம் சற்று நழுவியது. நம் நெஞ்சும் நழுவியது. தலைவர் திரும்பிப் பார்க்கவில்லை. தம் வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தார். அவனும் குறைத்தான், பின்னால் வந்த பதினாறு வண்டிகளும் குறைத்தன. அடுத்த வளைவை அவன் அழகாகத் திரும்பினான்.

மேலே, கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், குளிர் காற்று முகத்தில் அடித்தது. தலைவர் இறங்கி, கடைசி வண்டி வரும்வரை எண்ணிக்கொண்டே நின்றார். "பதினெட்டு" என்று சொன்ன பிறகுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். அந்த இளைஞன் சிரித்த சிரிப்பில் மேகமெல்லாம் விலகிவிட்டது போலிருந்தது.

மாலையில் வீடு திரும்பியதும், "யார் முதலில் வந்தார்கள்?" என்று கேட்டாள் நம் மனைவி. "எல்லோரும் வந்தார்கள்" என்றோம்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனதும், கடைசி பெஞ்சுப் பையன்கள் நால்வரைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரச் சொன்னோம். என்ன தண்டனையோ என்று அவர்கள் நடுங்கியபடியே வந்தார்கள். அன்று பாடத்தை வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகவே நடத்தினோம்.