உங்கள் கம்ப்யூட்டர் உறைக்குள் ஒரு தீயணைப்பு வீரர்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, பிராசஸர் எது என்று எல்லாவற்றையும் விசாரித்துவிடுகிறார்கள். இவை அனைத்தையும் தாங்கிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் உறை எதனால் ஆனது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பில்லிலும் அது தனியாக இருக்காது. ஆனால் வீட்டில் தீ விபத்து நடக்காமல் உங்களைக் காப்பாற்றுவதில் அந்த உறைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பிளாஸ்டிக்கில் ஒவ்வொரு 100 கிராமுக்கும் ஏறத்தாழ 10 கிராம் பாஸ்பேட் எஸ்டர் என்ற ரசாயனம் கலந்திருக்கலாம். அது என்ன, எப்படித் தயாராகிறது, நாம் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

நான் சாஃப்ட்வேர் ஆள். கெமிஸ்ட்ரி எனக்கு இன்ஜினியரிங் முதல் வருடத்தோடு சரி. ஆனால் லேப்டாப்புக்கு ராம் மாற்றுவதற்காக அடிமூடியைத் திறக்கும்போதெல்லாம் உள்பக்கம் அச்சாகியிருக்கும் ஒரு குறியீடு கண்ணில் படும். அதன் அர்த்தத்தைத் தேடிப் போய்த்தான் இவ்வளவும் படித்தேன்.

அந்தக் குறியீடு என்ன சொல்கிறது?

பல லேப்டாப், மானிட்டர் உறைகளின் உள்பக்கத்தில் ‘பிசி பிளஸ் ஏபிஎஸ் எஃப்ஆர் 40’ என்ற பொருளில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். இங்கே பிசி என்றால் பர்சனல் கம்ப்யூட்டர் அல்ல, பாலிகார்பனேட். உறுதியான, வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக். ஏபிஎஸ் என்பது அச்சில் வார்க்க எளிதான இன்னொரு பிளாஸ்டிக். இரண்டையும் கலந்தால் இரண்டின் நல்ல குணங்களும் கிடைக்கும். எஃப்ஆர் என்றால் தீத்தடுப்பான் சேர்க்கப்பட்டது என்று பொருள். கடைசியில் வரும் எண்தான் முக்கியம். 40 என்றால் ஹாலஜன் இல்லாத, பாஸ்பரஸ் அடங்கிய கரிமச் சேர்மம். 17 என்றால் புரோமின் வகை. இவை ஐஎஸ்ஓ தரநிலையில் உள்ள எண்கள்.

உங்களுடையது உலோக உறையா? அப்படியானாலும் ஃபேன், கனெக்டர், கேபிள், அடாப்டர் என்று உள்ளேயும் வெளியேயும் பிளாஸ்டிக் பாகங்கள் இருக்கத்தான் செய்யும்.

தீத்தடுப்பான் எதற்கு?

அடாப்டருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் 230 வோல்ட் மின்சாரம் வருகிறது. ஒரு கனெக்டர் லூசானாலோ ஒரு கெப்பாசிட்டர் வெடித்தாலோ தீப்பொறி வரலாம். சாதாரண ஏபிஎஸ் நன்றாகவே எரியும், உருகியும் சொட்டும். அதனால் உறைப் பிளாஸ்டிக்கை சோதனை செய்து கிரேடு கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் யுஎல் நிறுவனம் வகுத்த யுஎல் 94 சோதனையில் வி-0 என்று ஒரு கிரேடு உண்டு. பிளாஸ்டிக் பட்டையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு அடியில் 10 விநாடி நெருப்பு காட்டுவார்கள். நெருப்பை எடுத்த 10 விநாடிக்குள் அது அணைய வேண்டும். உடனே இன்னொரு முறை 10 விநாடி நெருப்பு. அப்போதும் அதேபோல அணைய வேண்டும். எரிந்து சொட்டும் துளி கீழே வைத்த பஞ்சைப் பற்றவைக்கவும் கூடாது. இந்தத் தேர்வில் பாஸாவதற்குத்தான் பாஸ்பேட் எஸ்டர் சேர்க்கிறார்கள்.

மூன்று போர்ட் உள்ள ஹப்

பாஸ்பேட் எஸ்டரை ஒரு யுஎஸ்பி ஹப் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு பாஸ்பரஸ் அணு. அதிலிருந்து ஆக்சிஜன் வழியாக மூன்று போர்ட்டுகள். எதைச் சொருகுகிறோமோ அதைப் பொறுத்துப் பொருளின் குணம் மாறும். மூன்றிலும் ஃபீனாலைச் சொருகினால் டிரைஃபினைல் பாஸ்பேட். கிரெசாலைச் சொருகினால் டிரைகிரெசைல் பாஸ்பேட். குளோரின் உள்ள சங்கிலிகளைச் சொருகினால் ஸ்பாஞ்சுகளில் சேர்க்கும் வேறொரு வகை. உங்கள் கம்ப்யூட்டர் நாற்காலியின் ஃபோமில் அது இருக்கலாம்.

தொழிற்சாலையில் நடப்பது என்ன?

ஆரம்பம் பாஸ்பேட் பாறை. அதைக் கோக் கரி, மணலோடு சேர்த்து மின் உலையில் 1400 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்குவார்கள். வரும் ஆவியைக் குளிரவைத்தால் வெண்பாஸ்பரஸ் கிடைக்கும். காற்று பட்டாலே பற்றிக்கொள்ளும் என்பதால் இதைத் தண்ணீருக்கு அடியில் வைப்பார்கள். வேடிக்கையைப் பாருங்கள், தானே பற்றி எரியும் பொருள்தான் பிற்பாடு தீயைத் தடுக்கப்போகிறது!

பாஸ்பரஸுடன் குளோரினைச் சேர்த்தால் பாஸ்பரஸ் டிரைகுளோரைடு. அதனுடன் ஆக்சிஜன் சேர்ந்தால் பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடு. நம் ஹப் இதுதான். மூன்று போர்ட்டிலும் இப்போது குளோரின் உட்கார்ந்திருக்கும். ஈரக்காற்று பட்டாலே புகையும் கடுமையான நச்சுத் திரவம் இது. இதையும் ஃபீனாலையும் மெக்னீசியம் குளோரைடு போன்ற வினையூக்கியுடன் ரியாக்டரில் சூடாக்கினால், ஒவ்வொரு குளோரினும் கழன்று அந்த இடத்தில் ஃபீனால் ஏறிக்கொள்ளும். கழன்ற குளோரின் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறும். அதைத் தண்ணீரில் கரைத்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாக விற்றுவிடுவார்கள். மிஞ்சியதைச் சுத்திகரித்தால் டிரைஃபினைல் பாஸ்பேட். சுமார் 50 டிகிரியிலேயே உருகிவிடும் வெள்ளைத் திடப்பொருள்.

ஒரே பொருள், இரண்டு வேலை

பாஸ்பேட் எஸ்டருக்கு இன்னொரு வேலையும் தெரியும். நீண்ட பிளாஸ்டிக் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து, அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல உதவும். இதைச் செய்யும் பொருளுக்கு பிளாஸ்டிசைசர் என்று பெயர். லேப்டாப் மூடி போன்ற மெல்லிய பாகங்களை வார்க்கும்போது உருகிய பிளாஸ்டிக் அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓட வேண்டும். அதற்கு இது கைகொடுக்கிறது.

கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். வயரின் மேலுறை பெரும்பாலும் பிவிசி. அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின் என்பதால் பிவிசி தானாக எளிதில் எரியாது. ஆனால் அது விறைப்பானது. வளைவதற்காகச் சாதாரண பிளாஸ்டிசைசரைச் சேர்த்தால் எரியும் குணமும் கூடவே வந்துவிடும். அதற்குப் பதில் பாஸ்பேட் எஸ்டரைச் சேர்த்தால் வயர் வளையும், எரிவதும் குறையும். எல்சிடி திரையில் ஒட்டியிருக்கும் போலரைசர் ஃபிலிமிலும் டிரைஃபினைல் பாஸ்பேட் நெடுநாளாகப் பிளாஸ்டிசைசராகப் பயன்பட்டு வந்திருக்கிறது.

தீயை எப்படி அணைக்கிறது?

புரோகிராமர் பாஷையில் சொன்னால், சுவாலை என்பது நிற்காமல் ஓடும் ஒரு லூப். பிளாஸ்டிக் சூடாகி வாயுக்களை விடும். அந்த வாயுக்கள் எரியும். அந்தச் சூட்டில் இன்னும் வாயு வரும். இந்த லூப்பை ஓட்டுபவை சுவாலைக்குள் பிறக்கும் ஹைட்ரஜன் அணுக்களும் ஹைட்ராக்சில் துணுக்குகளும். பாஸ்பேட் எஸ்டர் சூட்டில் உடையும்போது வரும் பாஸ்பரஸ் துணுக்குகள் இவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. லூப் பிரேக் ஆகிவிடும். இன்னொரு பக்கம், பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் பாஸ்பாரிக் அமிலம் போன்ற பொருட்கள் உண்டாகி அதைக் கரியாக மாற்றுகின்றன. அந்தக் கரி ஓடு, உள்ளே சூடு போகாமலும் வெளியே வாயு வராமலும் மூடிக்கொள்கிறது.

கவனிக்க: இது சிறு தீப்பொறியை அடக்கத்தான். வீடே எரியும்போது இந்தப் பிளாஸ்டிக்கும் எரியும்.

கலந்திருக்கிறது, பிணைந்திருக்கவில்லை

விஷயத்தின் மையம் இதுதான். பாஸ்பேட் எஸ்டர் பிளாஸ்டிக்கோடு ரசாயனரீதியாகப் பிணைந்து நிற்பதில்லை. காபியில் சர்க்கரை மாதிரி கலந்து மட்டுமே இருக்கிறது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், அன்றைய பிக்சர் டியூப் மானிட்டர்களின் உறையிலிருந்து, அவை ஓடிச் சூடாகும்போது டிரைஃபினைல் பாஸ்பேட் காற்றில் கலப்பதை அளந்து காட்டினார்கள். புதிதில் அதிகம், மாதங்கள் செல்லச் செல்லக் குறைவு. சிலருக்கு இந்தப் பொருள் பட்டால் தோல் அலர்ஜி வரக்கூடும் என்பதுதான் அவர்கள் கவலை.

உடனே புது கம்ப்யூட்டரின் வாசனையைச் சந்தேகப்படாதீர்கள். டிரைஃபினைல் பாஸ்பேட்டுக்கு வாசனை மிகக் குறைவு. நீங்கள் முகர்வது பிளாஸ்டிக், பசை, பெயின்ட் ஆகியவற்றிலிருந்து வரும் வேறு ஆவிகள். வாசனை போய்விட்டால் எல்லாம் போய்விட்டது என்றும் அர்த்தமில்லை. இந்த எஸ்டர்கள் வீட்டுத் தூசியில் ஒட்டிக்கொண்டு தங்கும்.

இதற்குத் தொழில்துறை கண்டுபிடித்த வழி, மூலக்கூறைப் பெரிதாக்குவது. இரண்டு ஹப்புகளை ஒரு கேபிளால் இணைப்பது போல, இரண்டு பாஸ்பரஸ்களை ரிசார்சினால் அல்லது பிஸ்ஃபினால்-ஏ கொண்டு இணைத்து, மீதியுள்ள நான்கு போர்ட்டிலும் ஃபீனாலைச் சொருகுகிறார்கள். டிரைஃபினைல் பாஸ்பேட்டின் மூலக்கூறு எடை 326. இணைத்த பிறகு ரிசார்சினால் வகைக்கு 574, பிஸ்ஃபினால் வகைக்கு 693. கனமானது எளிதில் ஆவியாகாது. பிஸ்ஃபினால் வகை சூட்டையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். இன்றைய உறைகளில் இந்தப் பெரிய மூலக்கூறுகள் பரவலாகப் பயன்படுகின்றன. ஆனால் அவற்றிலும் சிறிதளவு டிரைஃபினைல் பாஸ்பேட் கலந்தே வரும்.

ஒரு கிளை இடம் மாறினால்

இந்தக் குடும்பத்தை ஏன் இவ்வளவு கவனமாகக் கையாள வேண்டும் என்பதற்கு ஒரு சோகமான வரலாறு இருக்கிறது. கிரெசால் என்பது ஃபீனாலுடன் ஒரு மெத்தில் கிளை சேர்ந்தது. அந்தக் கிளை ஆர்த்தோ எனும் பக்கத்து இடத்தில் இருந்தால், அதிலிருந்து வரும் பாஸ்பேட் எஸ்டர் உடலுக்குள் போய் நரம்புகளைச் சிதைக்கும். 1930-ல், மதுவிலக்கு இருந்த அமெரிக்காவில், போதைக்காகக் குடித்த இஞ்சிச் சாற்றில் இந்தப் பிளாஸ்டிசைசரைக் கலப்படம் செய்ததில் பல்லாயிரக்கணக்கானோர் கால் செயலிழந்து போனார்கள்.

நமக்கு நெருக்கமான சம்பவமும் உண்டு. 1977-78-ல் இலங்கையில் 20-க்கும் மேற்பட்ட தமிழ்ச் சிறுமிகளின் கை கால் நரம்புகள் பாதிக்கப்பட்டன. வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு நல்லெண்ணெய் கொடுக்கும் வழக்கம் நமக்குத் தெரிந்ததுதானே? அந்த எண்ணெயில்தான் டிரைகிரெசைல் பாஸ்பேட் இருந்தது. மினரல் ஆயிலுக்குப் பயன்பட்ட கலன்களில் எண்ணெயைக் கொண்டுவந்தபோது அது கலந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் 1981-ல் எழுதினார்கள். பிள்ளைக்கு நல்லது என்று பெற்றவர்கள் ஆசையாகக் கொடுத்த எண்ணெய் அது.

உங்கள் உறையில் இருப்பது இந்த ஆர்த்தோ வகை அல்ல. டிரைகிரெசைல் பாஸ்பேட் தயாரிப்பவர்களும் இன்று ஆர்த்தோ கிரெசாலை மிகக் குறைந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகிறார்கள். ஆனாலும் தொழிற்சாலைப் பொருளின் டின்னும் கேனும் சமையலறைக்குள் வரக்கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

முன்பு உறைகளில் புரோமின் வகைத் தீத்தடுப்பான்கள் அதிகம். அவற்றில் சில உடலிலும் மண்ணிலும் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் இரண்டு புரோமின் வகைகளை 0.1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. 2021 மார்ச் முதல் டிஸ்ப்ளேக்களின் உறையிலும் ஸ்டாண்டிலும் ஹாலஜன் தீத்தடுப்பான் கூடாது என்றும் சொல்லிவிட்டது. இதனால் பாஸ்பேட் எஸ்டரின் பக்கம் இன்னும் அதிகம் பேர் திரும்பினார்கள். ஆனால் 2024 நவம்பரில் டிரைஃபினைல் பாஸ்பேட்டையே மிகுந்த கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் ஐரோப்பா சேர்த்தது. சுற்றுச்சூழலில் உள்ள உயிரினங்களின் ஹார்மோன் இயக்கத்தை அது குலைக்கும் என்பது காரணம். இந்தியாவில் பழைய மின்னணுப் பொருட்களுக்கான 2022-ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ளன.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. புது கம்ப்யூட்டரை முதல் சில வாரங்கள் ஜன்னல் திறந்த அறையில் வைத்துப் பயன்படுத்துங்கள்.

2. காற்றுத் துளைகளை மூடாதீர்கள். லேப்டாப்பை மெத்தையில் வைத்து ஓட்டாதீர்கள். சூடு கூடினால் தீ அபாயமும் கூடும், ரசாயனம் வெளியேறுவதும் கூடும்.

3. தூசியை உலர்ந்த துணியால் தட்டிப் பறக்கவிட வேண்டாம். கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, லேசாக ஈரமான துணியால் வெளிப்புறத்தை மட்டும் துடையுங்கள். மேஜையையும் தரையையும் ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

4. கீபோர்டைத் தொட்ட கையோடு முறுக்கு, மிக்சர் சாப்பிடாதீர்கள். கை கழுவுங்கள். தவழும் குழந்தை கேபிளைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. பழைய கம்ப்யூட்டரைக் குப்பையில் போடாதீர்கள். செம்புக்காக வயரை எரிப்பவர்களிடமும் கொடுக்காதீர்கள். பிவிசி எரிந்தால் அமிலப் புகையும் டையாக்சின் போன்ற நச்சுகளும் வரும். பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடமோ, தயாரிப்பாளரின் சேகரிப்பு மையத்திலோ ஒப்படையுங்கள்.

6. அடுத்த முறை சர்வீஸுக்கு மூடியைத் திறக்கும்போது உள்பக்கம் பாருங்கள். 40 என்று இருக்கிறதா, 17 என்று இருக்கிறதா? உங்கள் வீட்டில் தீயோடு மல்லுக்கு நிற்கப்போகிறவர் யார் என்பது தெரிந்துவிடும்.