குழந்தையின் மொழியைக் கற்ற ஆசிரியர்

மர்பி டவுனில் வளரும் ஒரு குழந்தை மூன்று மொழிகளுக்கு நடுவே வளர்கிறது. வீட்டில் தமிழ், தெருவிலும் கடையிலும் கன்னடம், பல பிள்ளைகளுக்குப் பாடநூலில் ஆங்கிலம். 1809ஆம் ஆண்டு அல்சூர்ப் பகுதியில் ஆங்கிலேயர் இராணுவக் குடியிருப்பை அமைத்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து படைவீரர்களும் தொழிலாளர்களும் வணிகர்களும் வந்து குடியேறினர். அன்று தொடங்கிய தமிழ் வாழ்வு இன்றும் இப்பகுதியில் தொடர்கிறது. ஆகவே, வகுப்பறையில் ஒரு குழந்தை வாய் திறவாமல் அமர்ந்திருந்தால், அது பாடம் புரியாமையாலா, மொழி புரியாமையாலா என்ற கேள்வி நமக்குப் புதியதன்று. அக்கேள்விக்கு விடை தேடிய ஓர் இந்திய ஆசிரியர், உலகின் பெரும் கல்விப் பரிசுகளுள் ஒன்றைப் பெற்றார். அவரைப் பற்றியதே இக்கட்டுரை.

'உலக ஆசிரியர் பரிசு' 2014இல் நிறுவப்பட்டு, 2015இல் முதன்முறையாக வழங்கப்பட்டது. கேரளத்தில் பிறந்து, துபாயைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வி நிறுவனங்களை நடத்திவரும் சன்னி வர்க்கி தோற்றுவித்த அறக்கட்டளை இதனை வழங்குகிறது. பரிசுத்தொகை 10 லட்சம் அமெரிக்க டாலர். 2020ஆம் ஆண்டில் 140க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 12,000க்கும் அதிகமான பெயர்கள் பரிசீலனைக்கு வந்தன. அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள் அறிவிக்கப்பட்ட பெயர், மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த ரஞ்சித்சிங் திசாலே.

மாட்டுக் கொட்டிலுக்கு அருகே ஒரு பள்ளி

பொறியியல் படிப்பைத் தொடர இயலாமல், தந்தையின் யோசனையின்படி ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தவர் திசாலே. 2009இல் பரிதேவாடி என்னும் சிற்றூரின் மாவட்ட ஊராட்சித் தொடக்கப் பள்ளிக்கு அவர் வந்தபோது, மாட்டுக் கொட்டிலுக்கும் பண்டக அறைக்கும் இடையே சிதைந்து நின்ற கட்டடமே பள்ளி. மாணவியருள் பலர் பழங்குடிக் குடும்பத்தினர். பெண் குழந்தைகளின் வருகை மிகக் குறைவு. இளவயதுத் திருமணம் வழக்கமாக இருந்தது.

சோலாப்பூர், கர்நாடக எல்லையை ஒட்டிய மாவட்டம். அக்குழந்தைகளின் வீட்டுமொழி கன்னடம். பாடத்திட்டமோ அம்மொழியில் இல்லை. பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொல்லிவிட்டு ஒதுங்குவது எளிது. திசாலே அவ்வாறு செய்யவில்லை. அவ்வூரிலேயே குடியேறினார், பெருமுயற்சி எடுத்துக் கன்னடம் கற்றார். பின்னர் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரையிலான பாடநூல்களைக் குழந்தைகளின் மொழியில் மறுவடிவமைத்து, அவற்றில் கியூ.ஆர். குறியீடுகளைச் சேர்த்தார். கைப்பேசியால் குறியீட்டை ஸ்கேன் செய்தால் பாடலைக் கேட்கலாம், பாடத்தைக் காணொளியாகக் காணலாம், கதையும் பயிற்சியும் கிடைக்கும். எழுத்தறிவு இல்லாத பெற்றோரின் வீட்டிற்குள்ளும் ஆசிரியரின் குரல் சென்றது.

நாளடைவில் பெண் குழந்தைகள் தவறாமல் பள்ளிக்கு வந்தனர் என்றும், அவ்வூரில் இளவயதுத் திருமணம் நின்றது என்றும் பரிசு அமைப்பினர் பதிவு செய்துள்ளனர். 2017இல் மகாராஷ்டிர அரசு எல்லா வகுப்புப் பாடநூல்களிலும் இக்குறியீட்டைச் சேர்க்க முடிவு செய்தது. அடுத்த ஆண்டு மத்திய அரசும் என்.சி.இ.ஆர்.டி. நூல்களுக்கு அதனை அறிவித்தது.

ஐந்து லட்சம் டாலரின் கணக்கு

வங்கியில் பணிபுரியும் நமக்குத் தொகையின் மீது கண் செல்வது இயல்பு. அன்றைய மதிப்பில் ஏழு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட அப்பரிசில் சரிபாதியை, இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் பகிர்ந்தளிப்பதாகத் திசாலே அறிவித்தார். ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 55,000 டாலர். அவர்களுள் ஒருவர் மலேசியாவின் சாமுவேல் இசாயா. பகாங் மாநிலத்தின் ஓராங் அஸ்லி பழங்குடிக் குழந்தைகளுக்குப் பாட்டும் இசைக்கருவியும் கொண்டு ஆங்கிலம் கற்பித்தவர். ஒரு சிற்றூர் ஆசிரியரின் முடிவால் ஒன்பது நாடுகளின் வகுப்பறைகளுக்குப் பரிசின் பயன் சென்றது. எத்தனையோ பணப் பரிமாற்றங்களைக் கையாளும் நாங்கள் இத்தகைய ஒன்றை அரிதாகவே காண்கிறோம்.

நம் தெருவுக்கு என்ன பயன்?

திசாலே பரிதேவாடிக்கு வந்த அதே 2009ஆம் ஆண்டில்தான், பல்லாண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை அல்சூர் ஏரியருகே திறக்கப்பட்டது. சில நாட்களில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. இரு மொழியினர் ஒருவர் மொழியை மற்றவர் மதித்த நிகழ்ச்சி அது. நம் பிள்ளைகள் கன்னடத்தை நன்கு கற்க வேண்டும். அது அவர்கள் வாழும் மண்ணின் மொழி. ஆனால் அறிவியலிலோ கணக்கிலோ ஒரு கருத்து பிடிபடாதபோது, அதனை வீட்டுமொழியில் ஒருமுறை விளக்கிவிட்டால் பிற மொழிகளில் படிப்பதும் எளிதாகும்.

அதற்கு வழியும் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்தில் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். 2018 முதல் வந்த புதிய நூல்களில் கியூ.ஆர். குறியீடுகளும் உள்ளன. மத்திய அரசின் திக்‌ஷா செயலியில் தமிழிலும் கன்னடத்திலும் பாடங்கள் கிடைக்கின்றன. ஆங்கிலப் பாடநூலில் தடுமாறும் பிள்ளை, அதே பாடத்தைத் தமிழில் கேட்டுவிட்டு மீண்டும் தன் நூலுக்குத் திரும்பலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் எங்கள் கடமை. பாடத்திற்காகப் பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுக்கும்போது, வங்கிச் செயலியும் பணப் பரிமாற்றச் செயலியும் பூட்டப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். பணம் பெறுவதற்கு எந்தக் குறியீட்டையும் ஸ்கேன் செய்யவோ, பின் எண்ணை இடவோ வேண்டியதில்லை என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

இப்பரிசு வங்கியாளர்களாகிய எங்களுக்கும் ஒரு பாடம் சொல்கிறது. ரிசர்வ் வங்கியின் நெறிமுறைப்படி எங்கள் படிவங்கள் ஆங்கிலம், இந்தி, அந்தந்த மாநில மொழி ஆகிய மூன்றிலும் இருக்க வேண்டும். இங்கே அம்மூன்றாவது மொழி கன்னடம். தமிழ் மட்டுமே அறிந்த முதிய தாயார் ஒருவர் ஓய்வூதியப் படிவத்துடன் கவுன்டருக்கு வந்தால், அம்மூன்றும் அவருக்குப் பயன்படா. எதிரே அமர்ந்திருப்பவர் அவருடைய மொழியில் பேச முன்வந்தால் மட்டுமே தாம் எங்கே, எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே, புரியாத எதையும் உங்கள் மொழியில் கேட்கத் தயங்காதீர்கள். புரியும்படி சொல்ல வேண்டிய பொறுப்பு எங்களுடையது. தமக்குத் தெரியாத மொழியைத் தம் மாணவியருக்காகக் கற்ற ஆசிரியரைப் போற்றும் நாங்கள், அந்த அளவுக்கேனும் முயல்வதே முறை.