லேப்டாப்பில் ‘ஸ்டோரேஜ் ஃபுல்’லா? போட்டோக்களை டெலிட் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

லேப்டாப்பில் இடம் இல்லை என்று மெசேஜ் வந்ததும் பலரும் முதலில் கைவைப்பது போட்டோ ஃபோல்டரில்தான். ஆனால், ஒரு சாஃப்ட்வேரைத் திரும்ப டவுன்லோடு செய்யலாம். தாத்தாவின் கடைசி போட்டோ போனால் போனதுதான். அதனால் வரிசை முக்கியம்: முதலில் காப்பி, அப்புறம் செக்கிங், கடைசியில்தான் டெலிட்.

இடத்தை அடைப்பது எது?

பெரும்பாலும் வீடியோக்கள்தான். ஐபோனில் 4கே தரத்தில், விநாடிக்கு 30 ஃபிரேம் வீதம் எடுக்கும் ஒரு நிமிட வீடியோ சுமார் 170 எம்பி. அப்படி 20 நிமிடம் எடுத்த கல்யாண வீடியோ மட்டுமே 3.4 ஜிபி! ஃபோல்டரை ‘சைஸ்’ வாரியாக வரிசைப்படுத்துங்கள். நூற்றுக்கணக்கான ‘குட் மார்னிங்’ படங்களை ஒவ்வொன்றாக அழிப்பதைவிட, பெரிய வீடியோக்கள் பத்தை வெளியே மாற்றினாலே நல்ல இடம் கிடைக்கும்.

‘அதான் கூகுள் போட்டோஸ்ல இருக்கே?’

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சிங்க் வேறு, பேக்கப் வேறு. கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன ஒரு படத்தை லேப்டாப் பிரவுசரில் அழித்தால், அதே கணக்கில் இருக்கும் போனிலிருந்தும் அது போய்விடும். டிராஷில் 60 நாள் இருக்கும். பிறகு மீட்க முடியாது.

‘ஸ்டோரேஜ் சேவர்’ ஆனில் இருந்தால், அங்கே இருப்பது சுருக்கப்பட்ட காப்பி. 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்களும், 1080பி-க்கு மேற்பட்ட வீடியோக்களும் அளவு குறைக்கப்படும். அளவில்லா இலவச வசதியும் 2021 ஜூன் 1-உடன் முடிந்துவிட்டது. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்தே 15 ஜிபிதான் இலவசம்.

எங்கே மாற்றி வைப்பது?

எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க் நல்ல வழி. ஆனால், ஒன்று போதாது. அதில் காப்பி செய்துவிட்டு லேப்டாப்பில் அழித்தால், மறுபடியும் ஒரே காப்பிதான் மிஞ்சும். ‘3-2-1’ என்ற எளிய விதி இருக்கிறது: மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே.

வெளியே ஏன்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் ஆவடி உள்ளிட்ட புறநகர்ப் பகுதிகளில் வெள்ளம் சூழ்ந்ததை மறந்திருக்க முடியாது. லேப்டாப்பும் ஹார்டு டிஸ்க்கும் ஒரே மேசை டிராயரில் இருந்தால், தண்ணீர் புகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு டிஸ்க்கை ஊரில் அம்மா வீட்டில் வையுங்கள். அல்லது கிளவுடில் ஒரு காப்பி வையுங்கள்.

டெலிட் பண்ற நாளில் என்ன செய்யணும்?

* இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையும் மொத்த ஜிபி-யும் ஒன்றா என்று பாருங்கள்.
* ஹார்டு டிஸ்க்கிலிருந்து சில படங்களையும் வீடியோக்களையும் திறந்து பாருங்கள்.
* அழித்த பிறகு ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள். அதுவரை இடம் கூடாது. மேக்கில் ‘போட்டோஸ்’ ஆப் என்றால், ‘ரீசன்ட்லி டெலிட்டட்’ பகுதியில் 30 நாள் வரை தங்கும்.
* ஒன்டிரைவ் பயன்படுத்தினால், ஃபைலை டெலிட் செய்யாமல் ரைட் கிளிக் செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுங்கள். ஃபைல் கிளவுடில் இருக்கும். லேப்டாப்பில் இடம் மட்டும் காலியாகும்.

இத்தனைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். இரண்டாவது காப்பி தயாராகும் வரை, அந்த டெலிட் பட்டன் பக்கம் போக வேண்டாம்.