லிமிட் இருந்தும் செக் திரும்பியது ஏன்?

2024 தீபாவளிச் சரக்குக்காக ஒரு மளிகைக் கடைக்காரர் நமக்குக் கொடுத்த 86,000 ரூபாய் காசோலை திரும்பி வந்தது. பதினெட்டு வருடமாக நம்மிடம் பருப்பும் மிளகாயும் எடுப்பவர். ஒரு காசோலைகூட அதுவரை திரும்பியதில்லை. ஆளை வரவழைத்துக் காபி கொடுத்துக் கேட்டோம். கடை அடைத்த பிறகு செல்போனில் காசு வைத்து ரம்மி ஆடியிருக்கிறார். நான்கு மாதத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் போய்விட்டது. வீட்டில் தெரியாது.

"ஓ.டி. லிமிட் அஞ்சு லட்சம் அண்ணாச்சி. நான் எடுத்திருக்கிறது நாலு. உங்க செக் பாஸானாலும் அஞ்சைத் தாண்டாதே?" என்றார். அந்த நிலையிலும் அவருக்குப் புரியாதது இதுதான். நம் உறுப்பினர்கள் பலருக்கும் புரிந்திராது என்பதால் கணக்கை விளக்குகிறோம்.

லிமிட் என்பது உச்ச வரம்பு மட்டுமே. சரக்கை ஈடாக வைத்து வாங்கும் ஓ.டி.யில், எவ்வளவு எடுக்கலாம் என்பதை மாதாமாதம் நாம் கொடுக்கும் சரக்குப் பட்டியலைப் பார்த்து வங்கி முடிவு செய்கிறது. அதற்கு டிராயிங் பவர் என்று பெயர். அவர் கடையில் முன்பு 8 லட்ச ரூபாய்ச் சரக்கு இருந்தது. அதில் மொத்த வியாபாரிகளுக்குப் பாக்கி 1 லட்சம். மீதி 7 லட்சத்தில் கால் பங்கு மார்ஜின் கழித்தால் ஐந்தேகால் லட்சம். ஆகவே லிமிட் முழுதும் கிடைத்தது. நான்கு மாதம் கழித்துச் சரக்கு 5 லட்சமாக இறங்கிவிட்டது, பாக்கி 1,80,000 ஆக ஏறிவிட்டது. மீதி 3,20,000, கால் பங்கு போக 2,40,000 தான். அவர் எடுத்திருந்ததோ 4 லட்சம். அதாவது 1,60,000 அதிகப்பற்று. விற்ற பணம் கொள்முதலுக்குப் போகாமல் சீட்டுக்குப் போனதால் வந்த வினை. பாஸ்புக்கைப் பார்த்தால் எதுவும் தெரியாது. ராக்கையைப் பார்த்தால்தான் தெரியும்.

2018 முதல் ஓ.டி. கணக்கையும் யு.பி.ஐ.யில் இணைக்க வழி வந்தது. சேமிப்புக் கணக்கென்றால் காசு தீர்ந்ததும் ஆட்டம் நிற்கும். ஓ.டி.யில் நிற்காது, வங்கிப் பணம் நம் பணம் போலப் போய்க்கொண்டே இருக்கும். அன்றே அந்த இணைப்பை எடுக்கச் சொன்னோம். மாலையில் அவர் மனைவியையும் வைத்துக்கொண்டு பேசினோம். அந்த அம்மாள் அழவில்லை. பேரேட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

அவர் மனதில் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, பத்து வட்டிக்கு வாங்கி வங்கியில் கட்டுவது. 1,60,000க்கு மாதம் 16,000 வட்டி மட்டும். வங்கி வட்டி ஆண்டுக்கு 11 சதவீதம் என்று வைத்தால் அதே தொகைக்கு மாதம் 1,470 ரூபாய்தான். அபராதக் கட்டணம் சேர்ந்தாலும் பத்து வட்டிக்குப் பக்கத்தில் வராது. இரண்டாவது யோசனை இதைவிட மோசம்: பட்டியலில் இல்லாத சரக்கை எழுதிக் கொடுப்பது. கடன் பாக்கி வைத்தவர் கடன்காரர். பொய்ப் பட்டியல் கொடுத்தவர் மோசடிக்காரர். வங்கி ஆய்வுக்கு வந்து மூட்டையை எண்ணினால் தீர்ந்தது.

மறுநாள் மேலாளரிடம் போய் உண்மையைச் சொல்லி, எழுத்தாகவும் கொடுத்தார். அதிகப்பற்று தொடர்ந்து 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன்னால் போனால்தான் மேலாளருக்கும் ஏதாவது செய்ய இடமிருக்கும். அந்த 1,60,000-ஐத் தவணைக் கடனாகப் பிரித்து, லிமிட்டையும் குறைத்தார்கள். போடுகிற பணத்தை வங்கி விழுங்கிவிடும் என்று பயந்து வசூலைக் கணக்கில் கட்டாமல் நிறுத்துவோர் உண்டு. 90 நாள் வரவே இல்லையென்றாலும் வாராக்கடன்தான்.

நம் காசோலை விஷயம். 138-ஆம் பிரிவின்படி, திரும்பிய தகவல் கிடைத்து 30 நாளுக்குள் நாம் நோட்டீஸ் அனுப்பலாம். அது கிடைத்து 15 நாளுக்குள் அவர் பணம் தர வேண்டும். தவறினால் வழக்கு, இரண்டு ஆண்டு வரை சிறைகூட உண்டு. அனுப்பத்தான் வேண்டும் என்றான் நம் மகன். கெடு முடிய நாள் இருந்ததால் பொறுத்தோம். அதற்குள் 21,000 கொண்டுவந்தார். மீதிக்கு மாதம் 5,000 என்று பேசி முடித்தோம்.

பழக்கத்தை விடுவதுதான் பெரும்பாடு. சூதாட்ட அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனமே நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு நம் கடையிலிருந்தே பேசினார். பிறகு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போனார். நடுவில் ஒருமுறை மறுபடி ஆடிவிட்டதாக அவரே வந்து சொன்னார். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுத்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது நல்லதுதான். ஆனால் அதனால் அவருடைய வங்கிப் பாக்கி ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

2025 டிசம்பரில் நமக்கு வரவேண்டிய கடைசித் தவணை வந்து சேர்ந்தது. சரக்கு இன்னும் ரொக்கத்துக்குத்தான் கொடுக்கிறோம். அவரும் கடன் கேட்கவில்லை.