உஷார்! 26 சதவீதம் என்ற எண்ணை நம்பி இருந்துவிடாதீர்கள்

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம் மக்களே, உங்கள் குடும்பத்தின் தலையில் ஒரு கடன் ஏறிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் எங்கும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் கட்டப்போவது நீங்கள்தான்.

2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, தமிழக அரசின் கடனைக் குடும்பவாரியாக வகுத்து, ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் என்று சொன்னது. டீக்கடையிலும் மின்சார ரயிலிலும் அன்று அதுதான் பேச்சு. 2026 மார்ச் 31-ல் நிலுவைக் கடன் சுமார் 9.30 லட்சம் கோடி ரூபாயாக இருக்கும் என்று 2025-26 பட்ஜெட் மதிப்பிட்டது. அதே வகுத்தலை இப்போது போட்டால் குடும்பத்துக்கு 4 லட்சத்தைத் தாண்டுகிறது. பேச்சோ அடங்கிவிட்டது.

அடங்கியதற்குக் காரணம் ஒரு சதவீதம். 2025-26-ல் மாநிலத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் கடன் 26.07 சதவீதம்தான், நிதிக்குழு வைத்த வரம்பு 28.70, ஆகவே பயமில்லை என்றார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்த உற்பத்தி மதிப்பு அரசின் வருமானம் அல்ல. சிறுசேரியில் எழுதப்படும் மென்பொருள், ஒரகடத்தில் உருளும் கார், உங்கள் தெரு மளிகைக்கடையின் வியாபாரம் எல்லாம் சேர்ந்த தொகை அது. அதில் 100 ரூபாய்க்கு மாநில அரசின் சொந்த வரியாகக் கஜானாவுக்கு வருவது 6 ரூபாய் சொச்சம். கடனைக் கட்ட வேண்டியது இந்த வருமானத்திலிருந்துதான்.

மத்திய அரசு தரும் பங்கையும் சேர்த்து 2025-26-க்கு எதிர்பார்த்த மொத்த வருவாய் சுமார் 3.32 லட்சம் கோடி. வட்டிக்கு மட்டும் ஏறத்தாழ 70,750 கோடி. வந்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் 21 ரூபாய், ஒரு பள்ளிக்கூடமோ ஒரு மழைநீர் வடிகாலோ கட்டுவதற்கு முன்பே போய்விடுகிறது. அசல் தனி!

இதைவிட என்னைப் பதற வைப்பது, அன்றாடச் செலவுக்கே வருமானம் போதாத வருவாய்ப் பற்றாக்குறை: அதே பட்ஜெட்டில் 41,635 கோடி. வீடு கட்டக் கடன் வாங்கலாம், மாதா மாதம் மளிகைக்கே கடன் வாங்கினால் அந்தக் குடும்பம் என்னாகும்? பேரூரில் வரும் கடல்நீர்க் குடிநீர் ஆலைக்கு ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்திடம் கடன் வாங்கினால் அதைக் குறைசொல்ல மாட்டேன். நம் புறநகரின் தாகம் அது. மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு வாங்குவதும் அப்படித்தான். சம்பளம், ஓய்வூதியம், மானியம், பழைய வட்டி ஆகியவற்றுக்காக வாங்கும் கடன், நாளைக்கு எதையும் விட்டுவைக்காது.

அந்த 26-க்குள் அடங்காத கடனும் உண்டு. மின்வாரியத்தின் கடன் ஒரு லட்சம் கோடியை எப்போதோ தாண்டிவிட்டது. 2017-ல், மின்வாரியங்களின் கடனைச் சீரமைக்கும் மத்திய அரசின் உதய் திட்டத்தில் சேர்ந்தபோது வாரியத்தின் 22,815 கோடி கடனை மாநில அரசே தன் தலையில் ஏற்றிக்கொண்டது. வெளியே நிற்கும் கடன் உள்ளே வர ஒரு கையெழுத்து போதும்.

கடன் முற்றினால் என்னாகும் என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். 2019 இறுதியில் அங்கே மதிப்புக் கூட்டு வரியை 15-லிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். 2022 ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அடுத்த மாதமே சென்னைத் துறைமுகத்திலிருந்து அங்கே நிவாரணமாக அரிசியும் பால் பவுடரும் கப்பலேறின. 2024 ஜனவரியில் அதே வரி 18 சதவீதம்.

ஒரு மாநிலம் அப்படித் திவாலாகாது. ஆனால் சுமை வேறு வாசலில் வரும். வந்தும் விட்டது. 2022 ஏப்ரலில் சொத்து வரி, செப்டம்பரில் மின்கட்டணம், 2024 ஜூலையில் மறுபடி மின்கட்டணம் 4.83 சதவீதம் என்று உயர்ந்துகொண்டே வந்தன. 2025-ல் வீடுகளுக்கு உயர்த்தவில்லை, அந்த உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது என்றார்கள். அந்தப் பணமும் பற்றாக்குறையில் ஓடும் அதே கஜானாவிலிருந்துதான். இன்னொரு வாசல், தள்ளிப்போகும் வேலைகள். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்தாயிற்று. விமான நிலையத்திலிருந்து பல்லாவரம், தாம்பரம் வழியாக அங்கே போக வேண்டிய 15.46 கி.மீ. மெட்ரோ திறக்கப்படாமலே இருந்தது.

எந்தக் கட்சி ஆண்டாலும் இது நம் கடன். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் இலவசம் எவ்வளவு என்று கேட்பதை நிறுத்துங்கள். வட்டிக்கு எவ்வளவு போகிறது, வாங்கும் கடனில் எவ்வளவு கட்டுமானத்துக்கு, வாரியங்களின் கடன் எவ்வளவு என்று கேளுங்கள். பட்ஜெட் உரை தமிழிலேயே அச்சாகிறது. கடைசிப் பக்கங்களைப் புரட்டுங்கள், எண்கள் அங்கேதான் இருக்கின்றன.